பிரித்துவிட்ட மடிப்பு

மே மாதக் கடைசி வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். சாயங்காலம் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்வீட்டுப் பெண் ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்த ஜூனில் ஒன்பதாவது போகிறாள். பைக்குள் அவளுடைய அக்காவின் பழைய பள்ளிச் சீருடை இருந்தது. அக்கா பத்தாவது முடித்துவிட்டாள். சுடிதார், பேண்ட், மேலே போடுகிற கோட், எல்லாமே இரண்டு வருஷம் உழைத்தவை.

"அம்மாயி, இதைக் கொஞ்சம் எனக்கு ஆகிற மாதிரி பண்ணிக் குடுக்கறீங்களா?"

அக்கா குட்டை. இவள் ஒரே வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். அம்மா பேண்ட்டை மடியில் போட்டு, கீழ் மடிப்பைப் பிளேடால் மெதுவாகப் பிரித்தார். இரண்டு விரற்கடை துணி கிடைத்தது. நீளம் போதும். ஆனால் மடிப்பு இருந்த இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கடையில் வாங்கின அன்றைய நிறம். மேலே, இரண்டு வருஷ வெயிலும் சோப்பும் தின்றுவிட்டு மிச்சம் வைத்த நிறம். எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் போகாது. துணி தைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தெரியும்.

"கோடு தெரியும் கண்ணு," என்றார் அம்மா.

"பரவால்லீங்க அம்மாயி. பெஞ்சுல உக்காந்துட்டா தெரியாது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

இதே பெண் போன வருஷம் எட்டாவது. அதே அரசுப் பள்ளி. போன வருஷம் அவளுக்குச் சீருடைக்கு ஒரு பைசா செலவில்லை. நாலு செட் அரசாங்கமே கொடுத்தது. இந்த வருஷம் ஒரு செட்டும் கிடையாது. ஒரு வகுப்பு மேலே ஏறினாள், அவ்வளவுதான் நடந்தது.

தமிழ்நாட்டில் விலையில்லாச் சீருடைத் திட்டம் சத்துணவோடு பிணைந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1985இல், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடையும் தருவது என்று முடிவானது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை. நான் படித்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு செட் வந்ததாக ஞாபகம். 2012-13இல் ஜெயலலிதா அதை நாலு செட்டாக்கினார். அதற்குப் பிறகு வந்த அரசும் அதைக் குறைக்கவில்லை. ஆட்சி மாறினால் போன ஆட்சியின் திட்டத்துக்குப் பெயரையாவது மாற்றிவிடுகிற நம் ஊரில், கட்சி வித்தியாசம் இல்லாமல் நாற்பது வருஷம் இது நிலைத்திருக்கிறது. பெரிய விஷயம்தான். 'இலவசம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விலையில்லா' என்று வைத்ததும் எனக்குப் பிடிக்கும். வாங்கிக்கொள்கிற குழந்தை தலை குனிய வேண்டியதில்லை என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

ஆனால் அந்த எட்டாம் வகுப்பு என்ற கோடு நாற்பது வருஷமாக அங்கேயே நிற்கிறது. சத்துணவோ பத்தாம் வகுப்பு வரை உண்டு. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதாவதில் மதியம் முட்டையோடு சாப்பாடு கிடைக்கும், உடுத்திக்கொண்டு போகத் துணி கிடைக்காது. பதினொன்றாவது போனால் சைக்கிள் தருகிறார்கள். பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போனால், 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எல்லாம் நல்ல திட்டங்கள், நான் மனதாரப் பாராட்டுகிறேன். நடுவில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அந்த நாலு வருஷம் சீருடை மட்டும் வீட்டுச் செலவு.

அந்த நாலு வருஷத்தில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு ஜூனில் தைத்த சட்டை ஏப்ரல் வரை வரும். பதினாலு வயதில் தீபாவளிக்குள் கை மணிக்கட்டைத் தாண்டி நிற்கும். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடும் உண்டு. மாதத்தில் சில நாள் ஒரு செட்டையே துவைத்துக் காயவைத்து மறுநாள் போடுவது நடக்காத காரியம். மூன்று செட்டாவது வேண்டும். சின்னக் குழந்தையின் சட்டைக்கு ஆகிற துணியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அதற்குமேல் கோட். எட்டாவது வரை ஒன்றும் தெரியாமல் இருந்த அம்மா அப்பாவுக்கு, ஒன்பதாவதில் திடீரென்று மே மாதம் ஒரு செலவு வந்து நிற்கிறது. விசைத்தறிக் கூலி வாங்குகிற வீட்டில் மே மாதம் ஏற்கெனவே கல்யாணச் சீசன், மொய் எழுதியே பாதிக் கூலி போயிருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. 2018-19இல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான சீருடையின் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றினார்கள். மறு வருஷம் 1 முதல் 8 வரை மாற்றினார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுத்துணியை அரசு கொடுத்தது, சிக்கல் இல்லை. மேல் வகுப்புகளில் மாற்றத்தின் செலவைப் பெற்றோர் ஏற்றார்கள். அக்காவின் பழைய துணி தங்கைக்கு ஆகாமல் போன வருஷம் அது. பார்க்க அழகாகத்தான் இருந்தது புதுச் சீருடை. ஆனால் துணியைத் தானே தராத வகுப்புக்கு நிறத்தை மாற்றும்போது, அந்த ஆணையில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு தடவையாவது பீரோவுக்குள் மடித்து வைத்திருக்கிற பழைய செட்டை நினைத்திருக்க வேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் பற்றி என்னால் பேச முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மா மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். அரசுப் பள்ளிச் சீருடையைத் தைப்பது இந்தச் சங்கத்துப் பெண்கள்தான். சமூகநலத் துறையின் கீழ் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கின்றன. துணியை நெய்வதும் கூட்டுறவுதான். ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறி நெசவாளர் சங்கங்களில் ஓடும் துணி, பதனிட்டு நிறமேற்றி, வெட்டுமிடத்துக்கு வந்து, அங்கிருந்து கட்டுக் கட்டாகத் தைக்கிற பெண்களின் வீட்டுக்குப் போகும். எங்கள் தெருவில் தறிச் சத்தமும் தையல் மெஷின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். ஒரே அரசாணையில் பக்கத்து வீட்டுத் தறிக்காரருக்கும் எங்கள் அம்மாவுக்கும் வேலை. வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் பிள்ளைகள், ஆளுக்கு நாலு செட் என்றால் எத்தனை வீட்டில் மெஷின் ஓடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா டி.வி.எஸ். 50இல் கட்டைக் கொண்டுவந்து இறக்குவார். வெட்டின துண்டுகள்: முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், பாக்கெட். ஒவ்வொரு சைஸும் தனிக் கட்டு. அம்மா ஒரே மூச்சில் ஐம்பது காலரைத் தைத்து மாலையாகத் தொங்கவிடுவார், பிறகுதான் ஒவ்வொன்றாகக் கத்தரிப்பார். பட்டன் வைப்பது எனக்கும் தம்பிக்கும். கரண்ட் போன ராத்திரிகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் பட்டனின் நாலு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் ஊசியை விடுவோம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி திறக்கும் முன் சங்கத்தில் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

பாக்கெட்டின் இரண்டு மூலையிலும் அம்மா ஒரு சின்ன முக்கோணம் போட்டுத் தைப்பார். அது கூலிக் கணக்கில் இல்லாத தையல். "பையன்க பாக்கெட்டுக்குள்ள கோலிக்குண்டு, மாங்கொட்டைன்னு என்னத்தையெல்லாம் திணிப்பாங்க, மொதல்ல மூலைதான் கிழியும்" என்பார். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் நிற்கும்போது நான் பக்கத்து வரிசைப் பையன்களின் பாக்கெட்டைப் பார்ப்பேன். முக்கோணம் இருந்தால் எங்கள் வீட்டில் தைத்தது. அந்தப் பட்டனை நான்தான் வைத்திருப்பேன். தோட்டத்து வீட்டுப் பையனும், சேரியிலிருந்து வருகிற பையனும், தறிக்காரர் மகனும் ஒரே கட்டிலிருந்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஊருக்குள் அவர்கள் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க முடியாத காலம் அது. பிரேயர் மைதானத்தில் மட்டும் யார் எந்தத் தெரு என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காமராஜர் முதல்வராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடத்தினார். ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். சாதியும் காசும் துணியில் தெரியக் கூடாது என்பதுதான் அன்றைக்கே அதன் நோக்கம். சீருடையே வேண்டாம், குழந்தைகளின் சுதந்திரம் போகிறது என்று எழுதுகிறவர்களைப் படிக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் வகுப்பில், பிறந்தநாளைக்குக் கலர் டிரஸ் போடலாம் என்று விட்டிருந்தார்கள். வருஷம் முழுக்க ஒரு தடவையும் கலர் டிரஸ் போடாத பிள்ளைகள் யார் யார் என்று எனக்கு இன்றைக்கும் பெயர் சொல்லத் தெரியும். நான் சீருடையின் பக்கம்தான்.

திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மாவே சொல்ல மாட்டார். முப்பது வருஷமாக அவர் சொல்லும் ஒரே புகார்: "துணியை ஒட்ட வெட்டிக் குடுத்தர்றாங்க கண்ணு. உள்ள மடிச்சு விடறதுக்கு ஒரு வெரக்கடை இருக்கறதில்லை." வீட்டுக்குத் தைக்கிறவர்கள் பிள்ளை வளரும் என்று பக்கத்திலும் கீழேயும் துணி விட்டுத் தைப்பார்கள், பிறகு பிரித்துவிடலாம். லட்சக்கணக்கில் வெட்டும்போது அரை இன்ச் விட்டாலே ஆயிரக்கணக்கான மீட்டர் கூடிவிடும், அதனால் விடுவதில்லை. விளைவு, பெரிதாக வந்த சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம், சின்னதாக வந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அளவும் அப்படித்தான். தையல்காரப் பெண்கள் பள்ளிக்கே போய் அளவெடுத்துத் தைத்த வருஷங்களில் சட்டை பொருந்துகிறது. மொத்த சைஸில் வந்த வருஷங்களில் கடைவீதித் தையல்காரரிடம் கொடுத்து ஆல்டர் பண்ண வேண்டியிருக்கிறது. விலையில்லாத சட்டைக்கு அங்கே ஒரு விலை வந்துவிடுகிறது. நாலு செட்டும் ஜூனிலேயே வந்துவிடுவதும் இல்லை. எங்கள் ஊரில் முதல் செட் திறக்கும்போது வரும், கடைசி செட் வரும்போது அரைப் பரீட்சை நெருங்கியிருக்கும்.

இருந்தாலும் இது நம்முடைய திட்டம், நம் தறியில் ஓடி, நம் வீட்டு மெஷினில் தைத்து, நம் பிள்ளைகள் போடுகிற துணி. மத்திய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) எட்டாவது வரை இரண்டு செட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 600 ரூபாய் என்பதுதான் கணக்கு. உத்தரப் பிரதேசத்தில் 2021 முதல் பெற்றோரின் வங்கிக் கணக்கிலேயே பணம் போடுகிறார்கள். முதலில் 1,100 ரூபாய், பிறகு 1,200. சீருடை, ஸ்வெட்டர், ஷூ, பை எல்லாம் அதற்குள். அப்பா கையில் பணம் வந்தால் பிள்ளைக்குப் பொருந்துகிற அளவில் வாங்கலாம் என்பது உண்மை. விலை ஏறினால் அந்த ஏற்றம் அப்பாவின் தலையில் என்பதும் உண்மை. கேரளத்தில் 2017இல் கைத்தறிச் சீருடை தொடங்கினார்கள், தூங்கிக்கிடந்த கைத்தறிகள் அதனால் எழுந்தன. எனக்கு அந்த வழிதான் நெருக்கம், அம்மாவின் மெஷின் சத்தம் காதில் இருப்பதால்கூட இருக்கலாம்.

இலங்கையில் 1993இல் அதிபர் பிரேமதாசா காலத்திலிருந்து எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சீருடைத் துணி உண்டு. மேல் வகுப்பென்று நிறுத்துவதில்லை. இடையில் சில வருஷம் துணிக்குப் பதில் வவுச்சர் கொடுத்துப் பார்த்தார்கள், மறுபடி துணிக்கே திரும்பினார்கள். 2022இல் நாடே கடனில் மூழ்கிய பிறகும் அதை நிறுத்தவில்லை. 2023ஆம் ஆண்டுக்கான துணியில் பெரும்பகுதியைச் சீனா கொடையாகக் கொடுத்தது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற தேசம், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைக் கைவிடவில்லை. இதைப் படித்தபோது நமக்கு மட்டும் ஒன்பதாம் வகுப்பு ஏன் இவ்வளவு தூரமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது.

இனி என் வீட்டுக் கதை. நான் இப்போது இருப்பது திருச்சி. என் பையன் தனியார் பள்ளியில் நாலாவது. பள்ளியின் பெயர் வேண்டாம், இது ஒரு பள்ளியின் பிரச்சினையும் இல்லை.

ஏப்ரலில் ரிசல்ட் கையில் வரும்போதே ஒரு சீட்டும் வரும். சீருடை இந்தத் தேதிகளில், பள்ளி வளாகத்தில் விற்கப்படும். வழக்கமான சீருடை இரண்டு செட் 2,300 ரூபாய். புதன்கிழமைக்கு வெள்ளை ஒரு செட் 980. ஹவுஸ் டி-ஷர்ட், டிராக் பேண்ட் 1,050. டையும் பெல்ட்டும் 320. மூன்று ஜோடி சாக்ஸ் 270. கறுப்பு ஷூ 899, வெள்ளை கேன்வாஸ் 650. கூட்டினால் 6,469 ரூபாய், ஒரு நாலாம் வகுப்புப் பையனுக்கு. பில்லில் பள்ளியின் பெயர் கிடையாது, ஏதோ ஒரு துணிக்கடையின் பெயர் இருக்கும். கல்விக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு வைத்து, பள்ளிக்குப் பள்ளி கட்டணம் நிர்ணயித்தார்கள். எங்களுக்கு வருகிற இந்தப் பில் அந்தக் கட்டண ரசீதில் சேர்வதே இல்லை.

போன வருஷம் அம்மா வந்திருந்தபோது பையனின் சட்டையை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். துணியை விரலுக்கிடையில் தேய்த்தார், ஒரு நூலை உருவி நுனியைக் கொளுத்திப் பார்த்தார். பாலியஸ்டர் கருகினால் உருண்டை பிடிக்கும். "அறுவத்தஞ்சு முப்பத்தஞ்சு. நாங்க தைக்கற துணிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்லை. துணி, தையக்கூலி, காஜா பட்டன் எல்லாஞ் சேத்து ஒரு செட்டு அறுநூறுக்குள்ள முடிச்சிரலாம்." நாங்கள் கொடுத்தது 1,150. மிச்சம் 550 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று தேடினால் பாக்கெட்டின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பள்ளியின் முத்திரை. பாக்கெட் மூலையில் முக்கோணம் இல்லை. ஆகஸ்டிலேயே கிழிந்தது.

இந்தத் துணியின் கட்டத்தை வெளியில் தேடிப் பார்த்தேன். சின்னக்கடைவீதி, தெப்பக்குளம் பக்கம் எல்லாம் அலைந்தேன். அதே பச்சை கிடைக்கிறது, அதே சாம்பல் கிடைக்கிறது, பச்சைக்கு நடுவில் ஓடுகிற அந்த மெல்லிய ஆரஞ்சுக் கோடு மட்டும் கிடைக்கவில்லை. கடைக்காரர் சொன்னார், "அது அவங்களுக்குன்னே போட்டது மேடம். வெளில வராது." அந்தக் கோடு துணியின் அழகுக்காகப் போட்டதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பூட்டு அது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதன் நிறமும் மாறுகிறது. பெரியம்மா பையனின் சட்டை என் பையனுக்கு ஆகவில்லை, என் பையனின் சட்டை இனி யாருக்கும் ஆகாது.

எங்களால் கட்ட முடிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டாவது கட்டிவிடுகிறோம். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இஸ்திரி போடுகிற அண்ணனின் மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் குலுக்கலில் கிடைத்த இடம். அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்கள். படிப்புக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தரும். ஆனால் சீருடைச் சீட்டு அவர் கைக்கும் வந்தது. அவர் வாரத் தவணைக்குக் கடன் வாங்கி அந்தச் சீருடையை எடுத்தார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டை பத்து முப்பது தினமும் அவர் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில்தான் போய் வருகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2010இல் எழுதிய விதிகளில், இந்த இடத்தில் சேரும் பிள்ளைக்குப் பாடப்புத்தகம், எழுதுபொருள், சீருடை மூன்றும் இலவசம் என்று தெளிவாகவே இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற அந்த வரி அண்ணனின் தள்ளுவண்டி வரைக்கும் வந்து சேரவில்லை. எல்லாச் சலுகையும் வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே போக டை வேண்டும்.

தடை போட்டுப் பார்க்காமல் இல்லை. 2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ., பள்ளிகள் புத்தகம், சீருடை விற்கும் கடையாக இருக்கக் கூடாது, குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று தன் பள்ளிகளுக்கு எழுதியது. 'கட்டாயமில்லை' என்று எங்கள் சீட்டிலும் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வேறெங்கும் கிடைக்காத துணியை வைத்துக்கொண்டு கட்டாயமில்லை என்று எழுதுவது எளிது. அதனால்தான் கடையைக் கட்டாயப்படுத்தாதே என்ற உத்தரவு போதாது என்கிறேன். துணியைப் பொதுவாக்கு என்று சொல்ல வேண்டும். கடைவீதியில் எந்தக் கடையிலும் கிடைக்கிற நிறம், எந்தத் தையல்காரரும் தைக்கிற வடிவம், முத்திரை வேண்டுமென்றால் தனியாகத் தைத்துக்கொள்ளும் ஒரு வில்லை. இவ்வளவுதான். ஐந்து வருஷத்துக்குள் மாற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் தம்பி தங்கைகளுக்கும் ஆகும்.

இங்கிலாந்தில் இதற்கென்றே 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி முத்திரை போட்ட உருப்படிகளை முடிந்தவரை குறைக்க வேண்டும், ஒரே கடைக்கு ஏகபோகம் கொடுக்கக் கூடாது, பழைய சீருடை எங்கே கிடைக்கும் என்பதைப் பள்ளியே தன் இணையதளத்தில் சொல்ல வேண்டும் என்று அதன் வழிகாட்டுதலில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது என் மனதில் ஒட்டிக்கொண்டது. பழைய சீருடை போடுவது மறைக்க வேண்டிய காரியமாக இருக்கக் கூடாது என்று ஓர் அரசு எழுதி வைக்கிறது. நம் ஊரில் அக்கா துணி தங்கைக்கு என்பது காலகாலமாக உள்ள வழக்கம். தெருவுக்குத் தெரு, பள்ளிக்குப் பள்ளி அதை நடத்துவது நமக்கு ஒரு வேலையே இல்லை.

இந்த வருஷம் எங்கள் வகுப்புப் பெற்றோர் பதினோரு பேர் சேர்ந்து பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். புதன்கிழமை வெள்ளையையும் ஷூ சாக்ஸையும் வெளியில் வாங்க விடுங்கள், துணியில் ஓடுகிற கோட்டின் நிறத்தை மறுபடி மாற்றாதீர்கள், 25 சதவீத இடத்துப் பிள்ளைகளிடம் சீருடைக்குக் காசு வாங்காதீர்கள். மூன்றே கோரிக்கை. கையெழுத்துக் கேட்டுப் போனபோது, "பையனை மனசுல வெச்சுப்பாங்க, எதுக்குங்க" என்று ஒதுங்கினவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளையை ஒப்படைத்த இடத்தில் பயம் வருவது இயல்பு. முதல் கோரிக்கைக்கு வாய்மொழியாகச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் பெற்றோர் கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். போவேன்.

ஒன்பதாம் வகுப்பு விஷயத்துக்கு யாரிடம் கடிதம் கொடுப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். சங்கத்துக் கூட்டத்தில் அவர் இதைப் பேசியிருக்கிறாராம். "பன்னெண்டாவது வரைக்கும் குடுத்தா எங்களுக்கும் இன்னும் நாலு மாசம் வேலை கெடைக்கும்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க." அதோடு இன்னொன்றையும் சொன்னாராம், கீழே ஒரு இன்ச் துணி விட்டு வெட்டச் சொல்லி. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும் சமூகநலத் துறைக்கும் நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். சத்துணவு உண்ணும் பத்தாம் வகுப்பு வரைக்குமாவது முதலில் நீட்டுங்கள், பிறகு பன்னிரண்டு வரை போகலாம் என்று. பெரிய தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். நாலு செட் முடியாதென்றால் இரண்டு கொடுக்கட்டும்.

அன்றைக்கு ராத்திரி அம்மா அந்தப் பேண்ட்டின் இன்னொரு காலையும் பிரித்தார். எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் காட்டினாள். கோட்டின்மேல் ஒரு பட்டை வைத்துத் தைத்து மறைக்கலாமா என்று கேட்டேன். "பி.டி. டீச்சர் திட்டும் அக்கா, எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னு" என்றாள் அவள். அம்மா ஒன்றும் சொல்லாமல் புது மடிப்பை விரல் நகத்தால் அழுத்தி, கையூசியால் ஓடவிட்டார். மெஷினில் போட்டால் அடுத்த தடவை பிரிக்கும்போது துணி நைந்துவிடும்.

"இன்னும் அரை இன்ச்சு உள்ள வெச்சிருக்கறேன் கண்ணு," என்றார் அவளிடம். "அடுத்த வருசத்துக்கு."